ஊற்றி நிரப்பிய ஆண்டுகள்

டீசல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். டயரில் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேட்டரி ஓய்ந்தால் காலையில் சாவியைத் திருப்பியவுடனே சொல்லிவிடும். ஆனால், வண்டியின் முன்மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் தென்படும் சிறிய டப்பா ஒன்றுண்டு. இரண்டு டம்ளர் கொள்ளும் அளவே இருக்கும். அதற்குள் கிடக்கும் ஸ்டியரிங் ஆயில் மட்டும் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாது. அது கறுத்தாலும் வண்டி ஓடும். குறைந்தாலும் வண்டி ஓடும். ஓடுகிற வரையில் எல்லாம் நலமே என்று எண்ணிக் கொள்வது மனித இயல்பு. நாமும் அவ்வாறு எண்ணிக் கொண்டிருந்தவர்களுள் ஒருவர்தாம். அந்த எண்ணம் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மாலை வத்தலக்குண்டில் ஒரு பட்டறை வாசலில் உடைந்தது. உடைந்தது அது ஒன்று மட்டுமன்று.

கோடைக்கானல் சலேத் மாதா கோவில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போய் வருவது நம் குடும்பத்தின் நேர்ச்சை. அதைத் தொடங்கி வைத்தவர் தந்தையார். அவர் லாரி ஓட்டுநர். வத்தலக்குண்டிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து சமவெளிக்கும் சுமை ஏற்றிச் சென்ற காலத்தில், ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, வண்டியை மலைப்பக்கத்துப் பாறையோடு உரசி நிறுத்தி உயிர் பிழைத்தார். அன்று செய்த நேர்ச்சையை அவர் சாகும் வரை மறக்கவில்லை. அவர் மறைந்த பின்னர் அதை நாம் ஏற்றுக் கொண்டோம். ஒவ்வோர் ஆண்டும் திருச்சியிலிருந்து புறப்பட்டு, திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டை அடைந்து, அங்கே வண்டியை நிறுத்தாமலே மலையேறி விடுவோம்.

நிறுத்தாமலே என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில்தான் நம் தந்தையாரின் வீடு இருக்கிறது. அதில் அண்ணன் குடியிருந்தார். 2008ஆம் ஆண்டு தந்தையார் காலமானபோது, வீட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. நோயில் கிடந்த தந்தையாரிடம் அண்ணன் கையெழுத்து வாங்கிக் கொண்டார் என்று உறவினர் நடுவே நாம் சொன்னோம். சொன்ன சொல் பொய் என்பது ஓராண்டுக்குள் நமக்கே தெரிந்துவிட்டது. மருத்துவச் செலவு முழுவதையும் அண்ணனே கடன் பட்டுச் செய்தார் என்பதும், வீட்டை அவருக்கு எழுதி வைக்கத் தந்தையாரே விரும்பினார் என்பதும், அவருடைய பழைய கடிதம் ஒன்றின் வாயிலாக விளங்கின. ஆயினும், தவறு செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்ல நம் நாவு எழவில்லை. அதற்குப் பதிலாகக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வாழ்த்து மடல் அனுப்பினோம். அண்ணன் மகளின் திருமணத்துக்கு ஒரு தொகை அனுப்பினோம். பேரப்பிள்ளை பிறந்தபோது துணிமணி அனுப்பினோம். அனுப்பினோமே தவிர, போகவில்லை.

இனி வண்டியின் கதைக்கு வருவோம்.

அந்த வண்டி 2009இல் வாங்கியது. டீசலில் ஓடும் கனத்த வண்டி. மூன்று ஆண்டுகளாகவே அதன் ஸ்டியரிங் ஆயில் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. குறையும்போதெல்லாம் கடையில் ஒரு பாட்டில் வாங்கி, டப்பாவில் குறித்திருந்த கோடு வரையில் ஊற்றி மூடிவிடுவோம். நான்கு முறை அவ்வாறு ஊற்றியதாக நினைவு. ஒவ்வொரு முறையும் கடமையைச் செய்து முடித்த மனநிறைவு உண்டாகும். உள்ளே இருப்பது என்ன நிறம் என்று நாம் பார்த்ததே இல்லை. அளவை மட்டும் பார்த்தோம்.

அன்று திண்டுக்கல்லைத் தாண்டும்போதே, வண்டியைத் திருப்பும் இடங்களில் முன்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. வயதானவர் எழுந்திருக்கும்போது எழும் ஒலியைப் போன்றது அது. வத்தலக்குண்டில் தேநீர்க் கடை ஒன்றின் முன் நிறுத்தி, மீண்டும் வண்டியை எடுக்க முனைந்தபோது, ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. மகன் இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தான். முனகல் அலறலாயிற்று. கடைக்காரர் எதிர்ச்சாரியில் இருந்த பட்டறையைக் காட்டினார்.

பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்த இஸ்லாமியப் பெரியவர். ஊரார் அவரைப் ‘பாய்’ என்றே அழைத்தனர். அவர் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தார். மூடியோடு சேர்ந்திருந்த அளவுக் குச்சியைத் தம் தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் ஒற்றினார். துணியில் கறுப்பாய் ஒரு கறை பரவிற்று. அதை முகர்ந்து பார்த்தார். பின்னர் நம்மிடம் நீட்டினார். தாளித்த எண்ணெய் கருகிய வாடை அடித்தது.

“கடைசியா எப்பங்க மாத்துனீங்க?”

மாற்றியதில்லை, குறைந்ததை ஊற்றி நிரப்பினோம் என்று சொன்னோம்.

பெரியவர் சிரிக்கவில்லை; கடிந்து கொள்ளவும் இல்லை. “ஐயா, இது டீசல் மாதிரி எரிஞ்சு தீர்ற சரக்கு இல்லீங்க. உள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. இது குறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற எடத்தைப் பாக்காம ஊத்திக்கிட்டே இருந்தா எப்படீங்க? பழைய அழுக்கு மேல புதுசை ஊத்தினா, புதுசும் அழுக்காத்தானே போவும்?”

அந்தச் சொற்கள் வண்டியைப் பற்றியே சொல்லப்பட்டவை. ஆனால், நாம் நின்றிருந்த இடத்திலிருந்து மூன்று தெருக்கள் தள்ளித்தான் தந்தையாரின் வீடு இருந்தது.

* * *

அன்று அந்தப் பெரியவர் வாயிலாகவும், பின்னர் படித்தும் கேட்டும் நாம் அறிந்துகொண்ட செய்திகளை வாசகர்களுக்கும் சொல்லிவிடுவது நன்று. வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும். இல்லாதோருக்கும் வேறு வகையில் பயன்படலாம்.

நம் தந்தையார் காலத்து லாரிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. சுமை ஏற்றிய வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் திருப்ப வேண்டுமாயின், தோளும் முன்கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். அவருடைய கைகள் ஏற்றம் இறைப்பவர் கைகளைப் போல் திரண்டிருந்தன. இந்த உழைப்பைக் குறைக்க வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளரான பிரான்சிஸ் டேவிஸ். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரத்தைத் திருப்பும் அமைப்பை அவர் 1926ஆம் ஆண்டிலேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால், பொதுமக்கள் வாங்கும் காரில் அது இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் கார் அதனோடு வெளிவந்தது. நல்லதொரு காரியம் வெளிப்படக் கால் நூற்றாண்டு ஆகலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதன் செயல்முறை எளியது. என்ஜின் சுழலும்போது ஒரு பெல்ட்டு சிறிய பம்பு ஒன்றைச் சுழற்றுகிறது. பம்பு, டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பலத்த அழுத்தத்தோடு சக்கரங்களின் பக்கம் அனுப்புகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது இந்த எண்ணெயின் அழுத்தமோ 1000 பவுண்டையும் தாண்டும். நாம் வலப்புறம் திருப்பினால் எண்ணெய் ஒருபுறமாகவும், இடப்புறம் திருப்பினால் மறுபுறமாகவும் பாய்ந்து தள்ளுகிறது. வேலை முடிந்ததும் மற்றொரு குழாய் வழியாக டப்பாவுக்கே திரும்புகிறது. மூடிய வட்டம் அது. உள்ளே செல்வதும் வெளியே வருவதும் ஒன்றே. ஆதலால், ஒழுக்கு இன்றி அது குறைவதற்கு வழியில்லை.

இனி நிறம். பல வண்டிகளில் ஊற்றப்படும் எண்ணெய் மாதுளைச் சாற்றைப் போலச் சிவந்து, ஊடுருவிப் பார்க்கும்படி தெளிவாக இருக்கும். சில நிறுவனங்களின் எண்ணெய் தேன் நிறம். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றுக்குப் பச்சை. இந்த நிறங்கள் எண்ணெயின் இயற்கை நிறங்கள் அல்ல. செய்பவர்கள் சேர்க்கும் சாயமே. என்ஜின் ஆயிலிலிருந்து இதைப் பிரித்தறியவும், தரையில் சொட்டினால் எது ஒழுகுகிறது என்று கண்டுகொள்ளவும் சாயம் உதவுகிறது. திருப்பலிக்குக் குரு அணியும் உடையின் நிறம் அன்றைய நாள் எத்தகையது என்று நமக்கு உணர்த்துவதைப் போன்றதே இது. நிறம் ஓர் அடையாளம், அதுவே பொருளன்று. சிவப்பாயிருக்கும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஒரே நிறத்தைக் கண்டு கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிடலாகாது. வண்டியோடு தரும் கையேட்டில் எந்த வகை எழுதப்பட்டுள்ளதோ அதையே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை இதில் ஊற்றினாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு அமைப்பே பாழாகும். அவசரத்தில் அவ்வாறு ஊற்றிய ஒருவருக்கு எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று என்று பாய் சொன்னார்.

நாளடைவில் வெப்பத்தால் எண்ணெய் தன் குணம் இழக்கிறது. குழாய்களின் உட்புற ரப்பர் தேய்ந்து துகளாகிக் கலக்கிறது. பம்பின் இரும்பும் மிக நுண்ணிய பொடியாகிக் கலக்கிறது. தெளிந்த சிவப்பு மங்கிப் பழுப்பாகிறது, பழுப்பு, காபி டிகாக்‌ஷன் போலாகிறது, முடிவில் கறுக்கிறது. சற்று மங்கியதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கறுத்து, கருகிய வாடையும் அடித்தால் உடனே மாற்ற வேண்டும். விரலிடையே தேய்க்கும்போது மினுமினுப்புத் தென்பட்டால் பம்பு தேய்கிறது என்று பொருள். நுரை கட்டியிருந்தால் எங்கோ காற்றுப் புகுகிறது. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. வெறும் நிறத்தை வைத்து முடிவு கட்டாமல், நிறம், வாடை, அளவு, ஒலி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்கு.

எப்போது மாற்றுவது என்பதற்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு இல்லை. சில கையேடுகள் காலம் குறிப்பிடுகின்றன; சில குறிப்பதில்லை. குறிப்பிடாத வண்டிகளுக்கு, 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரின் கருத்து. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட முக்கியம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி, அதே நிலையில் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்திருப்பதும் தவறு. அழுத்தமும் வெப்பமும் அப்போதுதான் உச்சத்துக்கு ஏறுகின்றன. முரட்டுப் பிடிவாதம் வண்டிக்கும் ஆகாது போலும்.

* * *

பாய் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் பழையதாகி, கிளிப் கவ்வும் இடத்தில் வெடித்திருந்தது. அந்த வழியாக எண்ணெய் கசிந்தது; என்ஜின் ஓடும்போது அதே வழியாகக் காற்றும் உள்ளே புகுந்தது. முனகலுக்கு அதுவே காரணம்.

மலையேறிவிட்டு வந்து பார்க்கலாமா என்று கேட்டோம். மறுநாள் காலைத் திருப்பலிக்கு மேலே இருக்க வேண்டும் என்ற அவசரம் நமக்கு.

“வேணாங்க. ஆயில் பூரா போயிட்டாலும் ஸ்டியரிங் ஒரேயடியா அத்துப் போயிடாது, திரும்பும். ஆனா எம்புட்டு கனக்கும்னு இப்பவே பாத்தீங்கள்ல? பாதி வளைவுல திடீர்னு கனத்தா, எதிர்ல பஸ் வந்தா என்ன செய்வீங்க? சூடான சைலன்சர் மேல ஆயில் பட்டா தீயும் புடிக்கும். புது ஹோஸ் காலைல திண்டுக்கல்லுல இருந்து வந்துரும். ராத்திரி தங்கிட்டுப் போங்க.” சற்று நிறுத்தி, நம் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஐயா, நீங்க லாரி ஓட்டுன பெரியவரோட சின்ன மகன்தானே? அவரு வண்டிக்குக் கிரீஸ் அடிச்ச பையன் நான். அண்ணன் வீடு இருக்கையில எடத்துக்கு என்ன பஞ்சம்?”

துணைவியார் நம்மைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பதினோர் ஆண்டுகளாக எந்தத் தெருவைக் கடந்து கடந்து போனோமோ, அந்தத் தெருவின் முனையில் இறைவன் நம் வண்டியைக் கட்டிப் போட்டுவிட்டார்.

காணிக்கையைப் பீடத்தில் செலுத்த வருகையில், சகோதரருக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக் கொள்ளுமாறு ஆண்டவர் பணித்ததை மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அதை எத்தனையோ முறை கோவிலில் கேட்டிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறோம். பதினொரு முறை நாம் செய்தது அதற்கு நேர்மாறானது. சகோதரரின் வாசலைத் தாண்டி ஓடி, பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, மீண்டும் அவர் வாசலைத் தாண்டி ஓடி வந்தோம். நாம் வணங்கச் சென்ற அன்னையோ, 1846ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த சிறுவர் இருவருக்கு அழுத கண்ணோடு காட்சி தந்தவர். பாவிகளை ஒப்புரவாக்குபவர் என்று போற்றப்படுபவர்.

இருட்டும் நேரத்தில் அந்த வீட்டுத் திண்ணையை அடைந்தோம். அண்ணன்தான் கதவைத் திறந்தார். மிகவும் மெலிந்திருந்தார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “வா தம்பி. வண்டிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். லாரிக்காரர் மகன் கேட்கும் முதல் கேள்வி வேறு எதுவாக இருக்க முடியும்? வண்டியைக் கண்டாரா, அல்லது நம் கையில் இருந்த எண்ணெய்க் கறையைக் கண்டாரா என்று நாம் கேட்கவில்லை.

உணவுக்குப் பின்னர்த் திண்ணையில் இருவரும் தனியே அமர்ந்திருந்தபோது, 2008இல் சொன்ன சொல்லை எடுத்துரைத்தோம். அது பொய்யென்று மறு ஆண்டே தெரியும் என்பதையும் சொன்னோம். சொல்லாமல் இருந்ததற்கு நாணமே காரணம் என்றும், அந்த நாணத்தை மறைக்கவே மடலும் பணமும் துணிமணியும் அனுப்பினோம் என்றும் சொன்னோம். பேச்சு நேராக வரவில்லை, இடையிடையே அறுந்தது. அண்ணன் குறுக்கே பேசவில்லை. தெருவிளக்கை நோக்கியபடியே இருந்தார். நெடுநேரம் கழித்து, “நீ சொன்னதவிட, தெரிஞ்சப்புறமும் வராததுதாண்டா எனக்கு வலிச்சுச்சு” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த இரவில் நாம் உறங்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று உறுதியாக எண்ணிக்கொள்ள அவர் சொற்களில் இடம் இல்லை. ஆனால், ஒழுகும் இடம் எதுவென்று முதன்முறையாக இருவருக்கும் தெரிந்திருந்தது.

விடிந்ததும் பட்டறைக்குச் சென்றோம். நமக்கு முன்பே அண்ணன் அங்கு இருந்தார். வண்டியின் முன் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தனர். புது ஹோஸ் மாட்டியாயிற்று. எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு பழைய தகரக் குவளைக்குள் விட்டிருந்தனர். டப்பாவில் அண்ணன் புதிய எண்ணெயை ஊற்ற, மகன் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்ப, குவளையில் பழையது கொட்டியது. முதலில் தார் போல் கறுப்பாக வந்தது. பிறகு பழுப்பாயிற்று. முதல் லிட்டர் முடிந்தபோதும் தெளியவில்லை. அண்ணன் இரண்டாவது பாட்டிலை உடைத்தார். அதில் முக்கால் பங்கு சென்ற பிறகே, மாதுளைச் சாற்று நிறத்தில் ஒரு கோடு குவளைக்குள் இறங்கிற்று.

வேலை முடிந்தது என்று எண்ணி மகன் வேகமாகத் திருப்பத் தொடங்கினான். அண்ணன் கையமர்த்தினார். “அவசரப்படாதடா. உள்ள காத்து இருக்கு. வேகமாத் திருப்பினா நுரைக்கும். மெதுவா ஒரு தடவ திருப்பு, கொஞ்சம் நிறுத்து, நுரை அடங்கட்டும், அப்புறம் இன்னொரு தடவ.” காற்று முழுவதும் வெளியேற அரை மணி நேரம் ஆயிற்று. நுரை அடங்க அடங்க அளவு குறைந்தது. அண்ணன் சிறிது சிறிதாக ஊற்றினார். இம்முறை ஊற்றியது வேறு வகையான ஊற்றல்.

கடைசியில் வண்டியைக் கீழே இறக்கி, மகன் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டினான். பாய் புன்னகைத்தார். கூலி கொடுத்தபோது, அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்டதில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை.

புறப்படும் நேரத்தில் அண்ணி ஒரு பையோடு வந்து நின்றார். அண்ணனின் கம்பளியும் மாற்று வேட்டியும் அதில் இருந்தன. “அப்பா போன பெறகு இவரு மலைக்குப் போனதே இல்ல” என்று மட்டும் சொன்னார். அண்ணன் முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, வழக்கம்போல் எதுவும் நடவாதவர் போலச் சாலையைப் பார்த்தார். காலைத் திருப்பலி தவறிப் போயிற்று. இரவில் அன்னையின் தேர் புறப்படுவதற்கு முன் மேலே சென்று சேர்ந்தோம். பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாக நேர்ச்சை நேர்ச்சையாக நிறைவேறியது.

* * *

மறு ஆண்டு, 2020இல், பெருந்தொற்றுக் காலம். மலைக்கு எவரும் போக முடியவில்லை. அண்ணனும் நாமும் தொலைபேசியில் செபமாலை சொன்னோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அண்ணன் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்குச் சென்றவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் நாமும் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் மண்ணள்ளிப் போட்டபோது நம் கை கனக்கவில்லை என்று சொல்ல மாட்டோம், கனத்தது. ஆனால், அது இழப்பின் கனம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அந்த ரப்பர் குழாய் வெடிக்காமல் இருந்திருந்தால், எத்தகைய கனத்தைச் சுமந்து அங்கே நின்றிருப்போம் என்று எண்ணவே அஞ்சுகிறோம்.

நல்ல ஒப்புரவுக்குத் தேவையானவை என்று சிறு வயதில் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தவை நினைவுக்கு வருகின்றன. முதலில் வருவது ஆன்ம சோதனை. அதை நாம் பெரும்பாலும் அளவு பார்ப்பதாகவே முடித்துவிடுகிறோம். ஞாயிறு திருப்பலி கண்டோமா, காணிக்கை கொடுத்தோமா, செபம் சொன்னோமா என்று கோடு வரையில் நிரம்பியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். குச்சியை வெள்ளைத் துணியில் ஒற்றி, நிறம் என்ன, வாடை என்ன என்று பார்ப்பதில்லை. குறைவதை மேலும் மேலும் நற்செயல்களால் நிரப்புகிறோம். எதனால் குறைகிறது என்று கேட்பதில்லை. நற்செயல்கள் தீயவை அல்ல. நாம் அனுப்பிய துணிமணியை அண்ணி அந்தப் பேரப்பிள்ளைக்கு உடுத்தியே இருந்தார். ஆனால், சொல்ல வேண்டிய ஒரு சொல்லுக்கு அவை ஈடாகவில்லை. மிகப்பெரிய கப்பலையும் சிறிய சுக்கானே திருப்புகிறது என்று நாவைக் குறித்து யாக்கோபு தம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். கெட்ட திசையில் நம்மைக் கொண்டு சென்ற அதே நாவுதான் நம்மைத் திருப்பவும் வேண்டியிருந்தது.

இப்போது வரும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் ஆயிலே கிடையாது. 1988ஆம் ஆண்டு ஜப்பானில் சுசுகி நிறுவனம் செர்வோ என்னும் சிறிய காரில் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங்கைப் பொருத்தியது. அந்த முறை நாளடைவில் எங்கும் பரவிவிட்டது. மகன் வாங்கியிருக்கும் கார் அத்தகையது. டப்பா இல்லை, ஹோஸ் இல்லை, ஒழுக்கும் இல்லை. “இனிமே அந்தத் தொல்லை இல்லப்பா” என்கிறான். உண்மைதான். ஆனால், உடன்பிறந்தாரிடையே ஓடும் உறவுக்கு மோட்டார் பொருத்த இன்னும் எவரும் வழி காணவில்லை. அது பழைய முறையிலேதான் ஓடுகிறது. சுற்றிச் சுற்றி வருகிறது, சூடேறுகிறது, கறுக்கிறது, எங்கோ ஓரிடத்தில் கசிகிறது.

பழைய வண்டியை நாம் விற்கவில்லை. ஆகஸ்டு மாதம் மலைக்குப் போக அதையே எடுக்கிறோம். புறப்படும் நாளின் காலையில் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியில் குச்சியை ஒற்றிப் பார்க்கிறோம். பிறகு சிலுவை அடையாளம் வரைந்து வண்டியை எடுக்கிறோம். வத்தலக்குண்டில் இப்போதெல்லாம் தவறாமல் நிறுத்துகிறோம். அண்ணி திண்ணையில் காத்திருப்பார்.